நெய்யாறு கடல் சேரும் இடம்

நம் வீட்டுக் கடவில் ஓடும் ஆறு எங்கே சென்று முடிகின்றது என்று ஒரு குழந்தை வினவினால், 'கடலில்' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகின்றோம். அவ்விடை பிழையன்று, ஆயினும் நிறைவானதும் அன்று. ஆறு கடலோடு எவ்வாறு கலக்கின்றது, கலக்குமிடத்தில் நீரும் மணலும் என்ன செய்கின்றன, அங்கே வாழும் மக்கள் அவ்விடத்தை எங்ஙனம் அறிந்திருக்கின்றனர் என்பவற்றை நேரிற் காணாமலே நம்மிற் பலர் வாழ்நாளைக் கழித்துவிடுகின்றோம். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்க்கும் இது பொருந்தும். அக்குறையைத் தீர்க்க ஒரு நாட்பயணம் போதும் என்பதையும், அப்பயணத்தில் நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு என்பதையும் இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றோம்.

ஒற்றசேகரமங்கலம் நெய்யாற்றை ஒட்டிய ஊர். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் சூழ்ந்த இவ்வெல்லைப்புறத்தில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு இடையே வந்தபோதிலும், பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குச் செல்வதும், திருவிழாவுக்குச் செல்வதும் நின்றபாடில்லை. இவ்வூர்க் குடும்பங்கள் ஒரு நாள் கடலைக் காண விரும்பினால், தெற்கே கன்னியாகுமரிக்குச் செல்லும். அல்லது தென்மேற்கே கோவளத்திற்குச் செல்லும். நாங்கள் அவ்விரண்டையும் விடுத்துப் பூவாருக்குச் செல்வதென்று முடிவு செய்தோம். காரணம் எளியது. எங்கள் ஆறு முடியுமிடம் அதுவே.

இந்த முடிவுக்கு உரியவர் எங்கள் அன்னையார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நெய்யாற்றில் நீராடி வருபவர் அவர். கன்னியாகுமரியின் மூன்று கடலையும் பலமுறை கண்டவர். ஆனால் தாம் நாள்தோறும் நீராடும் ஆறு கடலிற் சேருமிடத்தை ஒருமுறையும் கண்டதில்லை. பதினொரு வயது மகன் ஒருநாள் மாலை மண்டபத்தின்கடவில் நின்றுகொண்டு மேற்கூறிய வினாவை எழுப்ப, "எனக்கும் தெரியாது மக்களே, போய்ப் பார்ப்போம்" என்று அவர் விடையிறுத்தார். அதன்பின் தட்டுதற்கு எவரால் இயலும்?

பயணத்திற்குத் தை மாதத்து நாள் ஒன்றைத் தேர்ந்தோம். இத்தேர்வில் ஒரு கருத்து உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் இத்தென்பகுதி இரண்டு பருவமழையும் பெறுவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்துக் கரையை அறுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் ஆறு பெருகும். இவ்விரண்டும் ஓய்ந்து, வெயில் கடுமையாகும் முன்னர் உள்ள மார்கழி, தை, மாசி மாதங்களே குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்வதற்கு ஏற்றவை. முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான வழியேயாயினும் விடியலிலேயே புறப்பட்டோம். அவித்த மரச்சீனிக் கிழங்கும், தேங்காய்த் துவையலும், ஏத்தன்பழமும், இரண்டு குடுவை நிறையக் குடிநீரும் எங்கள் கட்டுச்சோற்று மூட்டையில் இருந்தன.

நெய்யாற்றைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். அகத்தியமலையில் தோன்றி மேற்கு நோக்கி இறங்கும் இவ்வாறு கேரளத்தின் தென்கோடி ஆறாகும். இதன் நீளம் 56 கிலோமீட்டர். அகத்தியமலையின் உயரம் 1,868 மீட்டர். அவ்வளவு உயரமான மலைத்தொடரிலிருந்து இவ்வளவு குறுகிய தொலைவில் கடலை அடைய வேண்டியிருப்பதால், மழைக்காலத்தில் இது விரைந்து பெருகுவதும் பின்னர் விரைந்து வடிவதும் இயல்பு. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட நெய்யாறு அணை அந்த விரைவை ஓரளவு கட்டுப்படுத்திப் பாசனத்திற்கு நீரைத் திருப்புகின்றது. அணைக்குக் கீழே ஆறு தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இடையே வளைந்து செல்கின்றது.

வழியில் அருவிப்புறத்தில் சிறிது நேரம் நின்றோம். 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, நாராயணகுரு இவ்வாற்றினின்றும் ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாக நிறுவிய இடம் இது. கோயிலுக்குள் நுழையவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்கள், தாமே இறைவனை நிறுவி வழிபடலாம் என்பதை அச்செயல் நாட்டுக்கு அறிவித்தது. தமிழிலும் பதிகங்கள் பாடியவர் அப்பெருமகனார். நாங்கள் குளிக்கும் ஆற்றின் கல் ஒன்று ஒரு நாட்டின் வரலாற்றைத் திருப்பியது என்பதைக் குழந்தைகளுக்கு எடுத்துரைத்தபோது, ஏழு வயது மகள் உடனே குனிந்து ஒரு கூழாங்கல்லைத் தேடத் தொடங்கினாள். பின்னர் நெய்யாற்றின்கரை நகரைக் கடந்து, தென்னந்தோப்புகளின் வழியே பூவாரை அடைந்தோம். கரையிலிருந்து மலர்கள் உதிர்ந்து ஆற்றின்மேல் மிதந்து வந்ததை மார்த்தாண்டவர்மர் கண்டு இவ்வூருக்குப் 'பூவார்' எனப் பெயரிட்டார் என்பது செவிவழிச் செய்தி. உண்மை எதுவாயினும், பெயர் அழகியது.

பூவாரில் ஆறு நம் ஊரில் கண்ட ஆறன்று. அகன்று, அசைவற்று, காயலாக விரிந்து கிடக்கின்றது. படகில் ஏறிச் சென்றால், இருபுறமும் அலையாத்தி மரங்கள் வேர்களை நீருக்குமேல் ஊன்றி நிற்பதைக் காணலாம். படகுக்காரர் அனைவருக்கும் மிதவைச் சட்டை அணிவித்த பின்னரே துடுப்பை எடுத்தார். சட்டையைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டுவதில்லை என்பதை இங்கே கூறி வைக்கின்றோம். கரையருகே தென்கிழக்கு நோக்கிப் பிரியும் கால்வாய் ஒன்றையும் கண்டோம். அனந்தபத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்னும் மூன்று பெயர்களையும் சேர்த்து ஏ.வி.எம். கால்வாய் எனப்படுவது இதுவே. திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு நீர்வழியால் இணைக்கும் நோக்கத்துடன் 1860-இல் தொடங்கப்பட்ட இப்பணி முற்றுப்பெறவில்லை. இன்று அதன் பல பகுதிகள் தூர்ந்து கிடக்கின்றன.

படகு நின்றது. எங்கள் முன்னே ஒரு மணல்திட்டு. அதற்கு அப்பால் அரபிக்கடல். ஒருபுறம் கண்ணாடி போன்ற ஆற்றுநீர், மறுபுறம் முழங்கும் அலை, இடையே சில பத்து அடி அகல மணல். "இவ்வளவுதானா இடைவெளி?" என்று வியந்தார் அன்னையார்.

அம்மணல்திட்டையும் அதனூடே உள்ள வாயிலையும் இப்பகுதியில் பொழி என்றும் பொழிமுகம் என்றும் வழங்குவர். தமிழ்ப்பகுதியாகிய மணக்குடி முதல் மலையாளப் பகுதி வரை கடலோர மக்கள் அனைவரும் அறிந்த சொல் இது. பொழி எவ்வாறு உண்டாகின்றது? கடலலைகள் ஓயாமல் மணலைக் கரைக்கு ஏற்றுகின்றன. கரையோரமாகவும் நகர்த்திச் செல்கின்றன. ஆறு தன் நீரின் விசையால் அம்மணலை வாயிலினின்றும் வெளியே தள்ளுகின்றது. இவ்விருவருக்கும் நாள்தோறும் நடக்கும் வழக்கே பொழி. மழைக்காலத்தில் ஆற்றின் கை ஓங்கும். வாயில் அகலத் திறக்கும். மழை ஓய்ந்தபின் ஆறு மெலியும். அலைகள் கொணரும் மணல் வாயிலை நாளுக்கு நாள் ஒடுக்கும். சில காலம் முற்றாக அடைபடுவதும் உண்டு. அடைபட்டபின் மழை பெய்தால், வெளியேற வழியின்றி நீர் தேங்கித் தாழ்ந்த இடங்களில் புகும். அப்போது மணலை வெட்டி வாயிலைத் திறப்பர். ஆகவே பொழி என்பது நிலைத்த நிலம் அன்று. சென்ற ஆண்டு நடந்து சென்ற இடத்தில் இவ்வாண்டு ஆழம் இருக்கலாம். இவ்வாண்டு ஆழமான இடத்தில் அடுத்த ஆண்டு மணல் இருக்கலாம்.

நாங்கள் சென்ற நாளில் வாயில் திறந்திருந்தது, ஆனால் குறுகியிருந்தது. பார்வைக்கு ஒரு வாய்க்கால் அளவே. நீரோ முழங்காலுக்கு மேல் இராது என்று தோன்றிற்று. மகன் நன்றாக நீந்தக் கற்றவன். மழைக்கால நெய்யாற்றையே அக்கரைக்குக் கடந்தவன். "ஒரே எட்டில் அந்தப் பக்கம் போய் வருகின்றேன்" என்று கூறிக்கொண்டே இறங்கப் புறப்பட்டான். மறைப்பானேன்? நாங்களும் அவனைத் தடுக்கவில்லை. இந்நீரில் என்ன நேர்ந்துவிடும் என்றே எண்ணினோம்.

வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், இருந்த இடத்திலிருந்தே உரத்த குரலில், "மக்களே, இறங்காதே!" என்றார். பின்னர் எழுந்து வந்தார். எவரையும் கடிந்துகொள்ளவில்லை. கீழே கிடந்த தேங்காய்க் கதம்பை ஒன்றை எடுத்து வாயிலின் நடுவே எறிந்தார். அது விழுந்த கணமே சுழன்று, நாங்கள் பத்து எண்ணி முடிப்பதற்குள் அலைகளைக் கடந்து கடலினுள் சென்றுவிட்டது. மகன் வாய்திறவாது நின்றான். எங்கள் இல்லாள் அவன் தோளைப் பற்றிய கையை அதன்பின் நெடுநேரம் எடுக்கவில்லை.

அம்முதியவர் மலையாளத்தில் கூறிய விளக்கத்தை நாம் நம் சொற்களில் தருகின்றோம். கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகின்றது. இதனை ஓதம் என்பர். இக்கரையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆயினும் ஏற்றத்தின்போது அகன்ற காயல் முழுவதும் சிறிது சிறிதாக உயர்ந்து நீரைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றது. வற்றத்தின்போது அவ்வளவு நீரும் அக்குறுகிய வாயிலின் வழியாகவே வெளியேற வேண்டும். வழி ஒடுங்க ஒடுங்க நீரின் விரைவு மிகும். விரைவு மிக மிக அடிமணல் அரிக்கப்பட்டு ஆழம் கூடும். வாயிலின் விளிம்பில் உள்ள மணலும் அடியில் அரிபட்டு, மேலே மிதிப்பவரோடு சரிந்து விழும். ஆகவே குறுகிய பொழி அகன்ற பொழியினும் அச்சம் குறைந்தது என்று கருதுவது பெரும்பிழை.

இதிலிருந்தே நாம் கூற வந்த செய்தி பிறக்கின்றது. ஆறறிந்தவர் கடலறிந்தவர் ஆகார். ஆற்றுக்கு இரண்டு கரைகள் உண்டு. ஓட்டம் ஒரே திசையில் உண்டு. ஓட்டத்தோடு சாய்ந்து சென்றால் எங்கேனும் ஒரு கரையை அடையலாம் என்பது ஆற்று நீச்சலின் முதற்பாடம். கடலில் அப்பாடம் செல்லாது. அங்கே ஓட்டத்தோடு சென்றவருக்கு எதிரே கரை இல்லை. மேலும், கரையில் வந்து மோதிய அலைநீர் திரும்பிச் செல்ல ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். அவ்வழியே ஓடும் நீரோட்டம் ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். வியப்பு யாதெனில், அவ்விடத்தில் அலைகள் உடையாமல் நீர் அமைதியாகக் காணப்படும். புதியவர்கள் அமைதியான இடம் இதுவென்று கருதி அங்கேயே குழந்தைகளை இறக்குவர். அவ்விழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேரே நீந்திப் போராடினால் களைத்துவிடுவர். பதற்றம் கொள்ளாது மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பினின்றும் விலகியபின் கரைக்குத் திரும்புதல் வேண்டும். அதற்கும் மேலான வழி, அறியாத கடலில் இறங்காமையே.

வானம் தெளிந்திருக்கின்றதே, காற்றும் இல்லையே என்று ஆறுதல் கொள்வோர்க்கு இன்னொரு செய்தி. இக்கரையில் 'கள்ளக்கடல்' என்றொரு நிகழ்ச்சி உண்டு. கள்வனைப்போல் அறிவிப்பின்றி வருவதால் மீனவர் இட்ட பெயர் இது. இப்பெயரையே 2012-இல் யுனெஸ்கோ அறிவியற் சொல்லாக ஏற்றுக்கொண்டது. தென்கோளத்தின் பெருங்கடலில், நமக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே வீசும் புயல்கள் நெடிய அலைகளை எழுப்புகின்றன. அவ்வலைகள் பல நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. புயல் அங்கே, அலை இங்கே. நம் வானில் ஒரு முகிலும் இராது. இவ்வலைகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நீண்ட இடைவேளை இருப்பதால், கடல் அடங்கிவிட்டதென்று ஏமாந்திருக்கும் நேரத்தில் நீர் வழக்கமான எல்லையைக் கடந்து வெகுதூரம் ஏறும். மழைப்பருவத்திற்கு முந்திய கோடை மாதங்களில் இது மிகுதி. 2024-ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று திருவனந்தபுரம் மாவட்டக் கடலோர ஊர்கள் பலவற்றில் கடல் இவ்வாறு உட்புகுந்தது. அதே ஆண்டு மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. கற்றறிந்த இளைஞர்கள், கடலின் இவ்வியல்பு ஒன்றே அவர்களுக்கு எட்டாது போயிற்று.

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளை முன்கூட்டிக் கணித்து அறிவிக்கின்றது. வானொலியிலும் செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் அவ்வறிவிப்பு நமக்குக் கிட்டும். புறப்படும் நாளின் காலையில் அதனைக் கேட்டறிதல், கட்டுச்சோறு கட்டுவதைப் போலவே பயணத்தின் ஒரு பகுதியாதல் வேண்டும். கடற்கரையை அடைந்ததும் அங்குள்ள மீனவர் ஒருவரிடம், "இன்று கடல் எப்படி? எங்கே நிற்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். ஓதம் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிச் செல்வதால், நேற்றைய கணக்கு இன்று பயன்படாது. அன்றாடம் அங்கே வாழ்பவரே அறிவர். பொழிமுகத்தில் எக்காலத்தும் இறங்காதீர்கள். குழந்தைகள் ஈர மணலின் விளிம்பில் நிற்கும்போது, பெரியவர் ஒருவர் கடலுக்கும் அவர்களுக்கும் இடையே, கடலுக்கு முதுகு காட்டாமல் நிற்க வேண்டும். மாலை மயங்குமுன் திரும்பிவிட வேண்டும். இவையனைத்தும் எளியவை, செலவற்றவை.

மீனவரிடம் கேளுங்கள் என்று கூறியதற்கு வேறொரு காரணமும் உண்டு. உள்நாட்டில் வாழும் நாம் கடற்கரையைக் காட்சியாகக் காண்கின்றோம். அங்கே வாழ்பவரைக் காணத் தவறிவிடுகின்றோம். பூவாருக்குத் தெற்கே உள்ள பொழியூர் கேரளக் கடற்கரையின் கடைசி ஊர். அதனை அடுத்த நீரோடி தமிழ்நாட்டின் முதல் ஊர். இரண்டுக்கும் இடையே கோடு நிலத்தில் உண்டு; கடலில் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, இரு மாவட்டங்களின் மீனவரும் ஒரே கடலில் மாண்டனர். இரு மொழிகளில் ஒரே அழுகை எழுந்தது. மறு ஆண்டு, 2018 ஆகஸ்டில், கேரளத்தின் உள்நாட்டு ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது. அப்போது திருவனந்தபுரம் மாவட்டத்து மீனவர்கள் தங்கள் படகுகளைச் சரக்கு வண்டிகளில் ஏற்றிச் சென்று, முன்பின் அறியாத மக்களை மாடிகளினின்றும் மீட்டனர். நம் ஆறு பெருகியபோது கடலறிந்தவர் நம்மைத் தேடி வந்தனர். நாம் அவர்கள் கரைக்குச் செல்லும்போது அவர்தம் சொல்லைக் கேட்பது, மிகச் சிறிய கைம்மாறே.

நண்பகலில் தென்னை நிழலில் அமர்ந்து உணவு கொண்டோம். அம்முதியவரையும் அழைத்தோம். ஏத்தன்பழம் ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு, எங்கள் ஊர் எதுவென்று கேட்டார். கூறினோம். "அப்படியானால் உங்கள் ஊரிலிருந்து வருபவற்றை நான் நாள்தோறும் காண்கின்றேன்" என்று கூறிச் சிரித்தார். மணலில் அலை ஒதுக்கிய வரிசையைச் சுட்டிக்காட்டினார். நெகிழிப் பைகள், குப்பிகள், அறுந்த செருப்பு ஒன்று. மழைக்காலத்தில் வலையில் மீனுக்கு முன்னே இவை ஏறுகின்றன என்றார். கடவில் நின்று நாம் கைவிடும் பொருள் மறைந்துவிடுவதில்லை. 56 கிலோமீட்டர் ஆற்றின் முடிவில் ஒருவர் அதனை வலையினின்றும் பிரித்தெடுக்கின்றார். எங்கள் பக்கத்தில் எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

புறப்படுமுன் அன்னையார் ஆற்றுப்புறத்தில், ஆழமற்ற கரையோரத்தில் குனிந்து நீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. கடல்நீர் நன்னீரினும் கனமானது. ஆதலால் ஏற்றத்தின்போது அது ஆற்றின் அடியில் புகுந்து, மேலே நன்னீர் ஓட, கீழே உள்நோக்கிச் செல்லும் என்பதை மகனுக்கு விளக்கினோம். அன்னையார் அவ்விளக்கத்தைக் கேட்டாரோ இல்லையோ அறியோம். "நம் தண்ணீர்தான், கொஞ்சம் மாறியிருக்கின்றது" என்று கூறித் தலையில் தெளித்துக்கொண்டார்.

மாலையில் ஊர் திரும்பியதும், கால் கழுவுவதற்குக் கடவுக்கு இறங்கினோம். கரையோரத்தில் நெகிழிப் பை ஒன்று வேரில் சிக்கி அசைந்துகொண்டிருந்தது. மகன் இறங்கி அதனை எடுத்து வந்தான். எவரும் அவனை ஏவவில்லை.

நேயர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ ஓடையோ இருக்கும். அதன் முடிவைக் காண உங்கள் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். காலையில் கடல் அறிவிப்பைக் கேளுங்கள். கரையில் உள்ளவரிடம் வழி கேளுங்கள். பொழியைப் பாதுகாப்பான தொலைவில் நின்று பாருங்கள். இறங்குவதற்கு நம் ஊரில் ஆறு இருக்கின்றது.